கூட்டிய காற்றும் குறைத்த காற்றும்

இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் என் தொழில். அரியமங்கலத்தில் பட்டறை போட்டு இருபது வருஷம் ஆகிறது. லாரி என்றால் டர்போ, ஆசைக்கு வண்டி வைத்திருப்பவர்கள் என்றால் சூப்பர்சார்ஜர். இரண்டும் செய்வது ஒரே வேலை: காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியும், இழுவை கூடும். டர்போவைச் சுழற்றுவது இன்ஜின் கக்கும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது இன்ஜினோடு ஓடும் பெல்ட். பாடம் அவ்வளவுதான், பயப்படாதீர்கள். கேட்டதைச் செய்தாலும் உதை, செய்யாவிட்டாலும் உதை என்று காலம் தள்ளும் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் தையல்காரரோ, டாக்டரோ, நமக்கெல்லாம் ஒரே தலையெழுத்து.

பெரிசுதான் வேணும்

வையம்பட்டிப் பக்கம் ஜல்லி அடிக்கும் டிப்பர் முதலாளி ஒருவர் வந்தார். பட்டறையில் இருந்த டர்போக்களை எல்லாம் கையில் எடுத்துப் பார்த்து, இருப்பதிலேயே பெரியதைக் காட்டி இதைப் போடு என்றார். பெரிய டர்போ சுற்றி எழுவதற்கு நேரம் பிடிக்கும், லோடோடு மேடு ஏறும்போது காற்று வந்து சேருவதற்குள் வண்டி மூச்சு திணறிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கடைக்காரன் சின்னதைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

மாட்டிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் குவாரி மேட்டில் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த நான்கு டிப்பர்களும் நின்றன. திரும்பி வந்தவர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்: "தெரியாதவன் கேக்கத்தான் செய்வான். தெரிஞ்சவரு நீங்க, கையப் புடிச்சுத் தடுத்திருக்க வேணாமா?"

அந்தப் பேச்சு என் மண்டையில் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வாடிக்கையாளனுக்கு எது நல்லதென்று அவனைவிட எனக்குத்தான் தெரியும் என்ற திமிர் அன்றைக்கு ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

நிற்காத இன்ஜின்

மேடு ஏறி வந்த லாரியை உடனே அணைக்கக் கூடாது. இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட வேண்டும். சூடாக இருக்கும் டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர்ந்தால்தான் அது உயிரோடு இருக்கும். டிரைவர்கள் டீக்கடையைக் கண்டதும் சாவியைத் திருப்பிவிடுவார்கள். அப்படித் திருப்பித் திருப்பியே டர்போ சீல் போன லாரி ஒன்று வந்தது. காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். டர்போவில் கசிந்த ஆயிலையே குடித்துக்கொண்டு இன்ஜின் பிய்த்துக்கொண்டு அலற ஆரம்பித்தது. சாவியை எடுத்தாலும் நிற்காது, டீசலை அடைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் உண்டு.

என் கூட்டாளி பஷீர் பாய், லேத் வேலைக்காரர், ஒரு பலகையை எடுத்துப் பாய்ந்து டர்போ வாயில் வைத்து அழுத்தினார். இன்ஜின் நின்றது. ஆனால் பலகை வழுக்கியதில் இடது கை மோதிர விரலின் நுனியை உள்ளே சுற்றிய டர்போ சக்கரம் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவில் நான் அழுதேன், அவர் அழவில்லை. துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது இது: "அந்த டிரைவர்ட்ட கோவமா பேசாதீங்க. ரெண்டு நிமிஷம் விடணும்னு அவருக்கு யாருமே சொல்லிருக்க மாட்டாங்க."

ஸ்ரீரங்கத்துப் பிக்கப்

வரதன் ஸ்ரீரங்கத்துப் பையன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறானால் சேற்றிலும் மேட்டிலும் வண்டி ஓட்டும் போட்டிகளுக்குப் போவான். பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து, சூப்பர்சார்ஜர் போட வேண்டும் என்றான். இவனுக்கு மட்டும் நான் வாத்தியார் வேலை பார்க்க வேண்டியிருக்கவில்லை. வேகம் ஏறிய பிறகு தள்ளுகிற வகை வேண்டாம், மெதுவாகப் போகும்போதே தள்ளுகிற வகைதான் சேற்றுக்குச் சரி என்று அவனே தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். அதைச் சுழற்றும் புல்லியையும் அவனே பார்த்து வாங்கினான். புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுற்றும், காற்று கூடும்.

மாட்டுவது சுலபம், பதம் பார்ப்பதுதான் பாடு. காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார, அவன் ஓட்ட, நான்கு நாள் தஞ்சாவூர் ரோட்டில் போய்ப் போய் வந்தோம். டேஷ்போர்டில் பூஸ்ட், அதாவது உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று வைத்தோம். நான்காம் நாள் எல்லாம் கூடி வந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வரதன் சிரித்தான்: "அண்ணா, மிதிச்ச ஒடனே முதுகு சீட்டோட ஒட்டிண்டுடறது!"

அப்பா வந்தார்

இரண்டு மாதம் கழித்து அவன் அப்பா வந்தார். ராகவன் சார், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், நெற்றியில் திருமண் வியர்வையில் கரைந்திருந்தது. துளசிப் பிரசாதத்தை என் கிரீஸ் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரே பையன். அவன் வண்டி எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரும் வரை தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றார். வேகத்தைக் குறைத்துவிட முடியுமா, அவனுக்குத் தெரியாமல்.

அவனிடமே பேசுங்கள் என்று அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வாத்தியார் ஒருவர் என் முன் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார். எனக்கும் ஒரு பையன் இருக்கிறான். சரி என்றேன். அவர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "பெருமாள் உங்களை க்ஷேமமா வெச்சிருப்பர். என் வயத்துல பாலை வார்த்தேள்."

வெயில் மேல் பழி

அடுத்த முறை ஆயில் மாற்ற வரதன் வண்டியை விட்டுப்போனபோது வேலையை முடித்தேன். பஷீர் பாயிடம் ஒரு பெரிய புல்லி கடைந்து வாங்கினேன். "தம்பிக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அத்தோடு விட்டேனா? மீட்டரில் முள் கீழே நின்றால் பையன் கண்டுபிடித்துவிடுவானே என்று லேப்டாப்பை மாட்டி அதையும் திருத்தினேன். காற்று குறைவாகப் போகும், முள் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் வந்து, வண்டி கொஞ்சம் சோம்பலாக இருக்கிறதே என்றான். சித்திரை வெயில், சூடான காற்றில் கனம் இருக்காது, இழுவை குறையத்தான் செய்யும் என்றேன். இது பொய் இல்லை என்பதுதான் கொடுமை. வெயிலில் கொஞ்சம் குறையும்தான். மீட்டரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "முள்ளு சரியாத்தானே நிக்கறது? அப்ப எனக்குத்தான் பழகிடுத்து போலருக்கு."

வையம்பட்டி தாண்டி

திண்டுக்கல் பக்கம் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவன், வையம்பட்டி தாண்டி ஒரு கிளை ரோட்டில் கரும்பு லாரியை முந்தப் போயிருக்கிறான். எதிரே பஸ். மிதித்தால் தாண்டிவிடலாம் என்ற தூரம்தான். மிதித்திருக்கிறான், வண்டி தாண்டவில்லை. பஸ் ஓரம் ஒதுங்கியதால் உயிர் பிழைத்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பஸ்ஸில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். ராகவன் சார் கட்டிலின் கால்மாட்டில், போர்வை தட்டையாகக் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. வரதன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்: "உங்க வேலைல ஒரு குறையும் இல்லண்ணா. பூஸ்ட் முழுசா காட்டித்து. நான்தான் தூரத்தைத் தப்பா கணக்குப் போட்டுட்டேன்."

அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பழம் வாங்கி வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புல்லி

நசுங்கிய பிக்கப் என் பட்டறைக்குத்தான் வந்தது. நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், வரதன் ஊன்றுகோலோடு வந்தான். சூப்பர்சார்ஜரைக் கழற்றி விற்றுவிடலாம் என்று உத்தேசம். பானட்டைத் தூக்கினேன். குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு கையை நீட்டி புல்லியின் மேல் உள்ளங்கையை வைத்தான். அவன் வாங்கிய புல்லி கைக்குள் அடங்கும். இது அடங்கவில்லை.

பஷீர் பாய் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் செய்ததை எல்லாம் சொன்னேன். புல்லி, மீட்டர், வெயில் என்று சொன்னது. "அப்பா வந்தாரா?" என்று மட்டும் கேட்டான். தலையாட்டினேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை. பானட்டைப் பிடித்து நின்றபடி மெதுவாகச் சொன்னான்: "கொறைச்சதுகூடப் போனாப் போறதுண்ணா. மீட்டரை ஏன் தொட்டேள்? முள்ளு கீழ நின்னிருந்தா, நான் அந்த லாரிக்குப் பின்னாடியே போயிருப்பேனே."

எங்கள் தொழிலில் எந்த இன்ஜினுக்கும் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் அவனுக்கு நல்லது செய்வதற்கு மட்டும் இதுவரை ஒரு ஸ்பேர் பார்ட்டும் வரவில்லை.