வலி நின்றுபோன முன்பல்

கேள்வியையும் கேட்டுவிட்டு, பதில் சொல்ல விடாமல் வாய்க்குள் கையையும் விடுகிற தொழில் எங்கள் பல் வைத்தியம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உள்ள உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்து மூன்றில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்தேன்.

புடுங்க வந்தவர்

விக்கிரமங்கலத்து விவசாயி ஒருவர் வந்தார். உட்காரும்போதே, "புடுங்கி விட்டுருங்க" என்றார். பார்த்தால் கடைவாய்ப் பல்லில் மிளகளவு சொத்தை. அடைத்தால் போதும், அரை மணி நேர வேலை. அடைத்துவிட்டு, "பல் நல்லா இருக்கு, போயிட்டு வாங்க" என்றேன். மனிதருக்கு முகமே விழுந்துவிட்டது. "ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன் சார், ஒண்ணையும் எடுக்காம வூட்டுக்கு அனுப்புறீங்களே!"

கெட்டி ஆயுசு

செல்வராசு அரியலூரில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். மேல் முன்பல்லை ஊன்றித்தான் அதை வாசிக்க வேண்டும். சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட அந்தப் பல், பங்குனியில் வலிக்க ஆரம்பித்தது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னேன். வரவில்லை.

வலி நின்றால் பல் பிழைத்தது என்று நம் ஆட்கள் முடிவு கட்டிவிடுவார்கள். உள்ளே நரம்பு செத்தாலும் வலி நிற்கும். பிறகு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் இதைச் சொல்ல ஓடினேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்: "வலி சுத்தமா போயிடுச்சுங்க டாக்டர், என் பல்லுக்கு ஆயுசு கெட்டி!"

என் வீம்பு

சித்திரை பிறந்ததும் உதடு வீங்கி வந்து நின்றார். "எடுத்துராதீங்க டாக்டர், இந்தப் பல்லுதாங்க எங்க வூட்டுக்குச் சோறு போடுது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சீழை எடுத்து வீக்கத்தை வடிய வைத்தேன். ஆனால் அடிபட்ட பல்லாயிற்றே, வேருக்குள் போகும் வழி அடைத்துப்போயிருந்தது. வேரைச் சுத்தம் செய்ய விடுகிற என் மெல்லிய ஊசி பாதியிலேயே நின்றது. மூன்று முறை வரவழைத்தேன். மூன்று முறையும் அதே கதைதான்.

இந்த மாதிரிப் பல்லுக்கென்றே திருச்சியில் வேர் சிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். எனக்கு முதல் நாளே தெரியும். அனுப்பினால், "பெரம்பலூர் டாக்டருக்கு ஒண்ணும் தெரியல" என்று ஊர் பேசுமே என்ற வீம்பு. நான்காம் முறை அவர் வாயைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்போதே கடிதம் எழுதிக் கொடுத்து, போனிலும் சொல்லி அனுப்பினேன்.

நிபுணர் இரண்டே தடவையில் பல்லைக் காப்பாற்றிவிட்டார். வைகாசியில் செல்வராசு நேரே கல்யாண வீட்டிலிருந்து, பேண்டு உடுப்போடு வந்து பல்லைக் காட்டினார். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: "முத நாளே அனுப்பியிருந்தீங்கன்னா, சித்திரையில எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நானே வாசிச்சிருப்பேங்க டாக்டர்."

சொத்தை என்றால் உள்ளூர் டாக்டரிடம் போங்கள், வேருக்குள் வழி அடைத்திருந்தால் நிபுணரிடம் போங்கள், ஆனால் "எனக்கே எல்லாம் தெரியும்" என்கிற வியாதி டாக்டருக்கு வந்தால் எங்கே போவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.