கோமளம் அத்தையின் ஏழாம் நம்பர் வண்டு

இமயமலையில் எது நடந்தாலும் ஜீவனஹள்ளி கோமளம் அத்தையைக் கேட்காமல் நடக்காது. பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே வாழும் நீளமீசை வண்டு இனம் ஒன்றுக்கு உலகத்திலேயே அவர்தான் முழுப் பொறுப்பு. அத்தனை வண்டும் அவருக்குக் கீழேதான்.

அத்தனை என்றால் பதினான்கு. எல்லாம் செத்து எழுபது வருஷமாகிறது. பெங்களூரில் ஒரு பூச்சி மியூசியத்தில், கண்ணாடி மூடிய டிராயருக்குள் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் அக்காவான அத்தை அங்கே கான்ட்ராக்ட் அட்டெண்டர். எட்டாவது வரை படிப்பு. நந்தி மலையைவிட உயரமாக எங்கும் ஏறியதில்லை. அங்கேயும் வளைவுக்கு வளைவு வாந்தி.

பீன்யா கார்மென்ட் ஃபேக்டரியில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவர், பதினொரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறார். அந்துருண்டை மாற்றுவார், பூஞ்சை துடைப்பார். வண்டின் தலையில் நீண்டிருப்பதை மியூசியத்தில் எல்லாரும் ஆன்டெனா என்பார்கள். அத்தைக்கு அது மீசை. பெண் வண்டுக்கும் மீசைதான்.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

“ஏழாம் நம்பர் வண்டு ஒடஞ்சிருக்கு தாரணி. திங்கக்கெழம டெல்லி சயின்டிஸ்ட் அதத்தான் பாக்க வராரு. ஒடச்சது யாருன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். இல்லன்னா எம்மேலதான் வரும். கான்ட்ராக்ட் போயிடும். மறுபடி பீன்யாதான்.”

“எலியா இருக்கும் அத்தே.”

“எலி கண்ணாடிய மூடி வெச்சிட்டுப் போவுமா?”

அத்தை அழவில்லை. அன்று ரசத்தில் உப்பே இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் சிங்க்குக்கு அடியில் வேட்டையாடினேன். திங்கட்கிழமை, சயின்டிஸ்ட் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், வழக்கம்போல டிபன் டப்பா கொடுக்கிற சாக்கில் மியூசியத்துக்குப் போய் ஒரு தீப்பெட்டியை நீட்டினேன்.

“இத ஒட்டிடு அத்தே. பசைகூட கொண்டாந்திருக்கேன்.”

அத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

“கரப்பான் மீச.”

“டெல்லிக்காரருக்குத் தெரியவா போவுது?”

“நம்ம வண்டு மீசையில கணு பதினொண்ணு. இதுல நூறு இருக்கும். அவரு எண்ணத்தான்டி வராரு.”

“நீளம் கரெக்டா வெட்டியிருக்கேன் அத்தே.”

“அது சரி.” லென்ஸைக் கீழே வைத்தார். “வண்டு ஒடஞ்சிருக்குன்னுதானே வீட்ல சொன்னேன்? காலா, ரெக்கையா, ஒண்ணுமே சொல்லலியே. நீ எப்டி மீசைய வெட்டிக்கினு வந்தே? அதுவும் அளவெடுத்து?”

நான் சீலிங்கைப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

அத்தை ரிஜிஸ்டரைத் திறந்தார். உடைத்தவர் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“இனிஷியலோட எழுது.”