தம்பி வெட்டிய கிணறுகளும் என் அவசரமும்

அமிர்தகழியில் பிறந்து, எழுபத்தொரு வயதில் எங்களை விட்டுப் போன என் ஒரே தம்பிக்காக இதை எழுதுகிறேன். இருந்த காலத்தில் அவரை "வாடா, போடா" என்றுதான் கூப்பிட்டேன். இந்த நினைவு மலரில் மரியாதையாக எழுதுகிறேன், பார்த்தால் சிரிப்பார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். திருத்தித் தருகிறேன் என்று மருமகள் கேட்டாள், கொடுக்கவில்லை. பிழை இருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா வாவியில் மீன் பிடித்தவர். தம்பிக்கு ஐந்து வயதாக இருக்கும்போது போய்விட்டார். அம்மா இடியப்பம் அவித்து எங்களை ஆளாக்கினார். மா இடிப்பதும், இடியப்பத்தை வீடு வீடாகக் கொண்டுபோவதும் என் பங்கு. அன்று பிடித்த ஓட்டம் இன்றுவரை நிற்கவில்லை. ஒரு நிமிடம் சும்மா இருந்தவள் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது. அது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது.

தம்பி வேறு மாதிரி. கிணறு வெட்டும் தொழிலுக்குப் போனார். ஒரு வீட்டு வளவுக்குப் போனால் முதல் நாள் மண்வெட்டியைத் தொடமாட்டார். குந்தியிருந்து மண்ணைப் பிசைவார், மூக்கருகே வைத்து மணந்து பார்ப்பார், எந்த மூலையில் மரம் பச்சையாக நிற்கிறது என்று பார்ப்பார். வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து முறையிடுவார்கள். ஒருநாள் நானே போய் ஆட்கள் முன்னால், "என்ன தம்பி, மண் உன்னோட கதைக்குதா?" என்று கேட்டேன்.

"கதைக்குதுக்கா. நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா எனக்கும் கேட்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பல நாள் அவரோடு கதைக்கவில்லை. அவர் வெட்டிய கிணறு ஒன்றும் கோடையில் வற்றியதில்லை, உவர்த்ததும் இல்லை. அதை நான் பார்க்கவில்லை. குந்தியிருந்ததைத்தான் பார்த்தேன்.

எங்கள் வழக்கப்படி தாய் வீடு எனக்குச் சீதனமாக வந்தது. தம்பி கல்யாணம் முடித்து அடுத்த ஒழுங்கையில் மனைவி வீட்டுக்குப் போனார். போகுமுன் என் வளவில் ஒரு கிணறு வெட்டித் தந்தார். நாலு வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது அந்தக் கிணற்றிலும் கடல்தான் நிறைந்தது. தம்பி ஒருமுறை மெதுவாக இறைத்துவிட்டு மூடிவைத்தார். "இனித் தொடாதீங்கக்கா. உப்பு அடியில படுத்துக் கிடக்கு. இறைக்க இறைக்க அதுதான் எழும்பி வரும். மழை இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மாங்கேணியில் ஆட்களின் கிணறுகளைப் பார்க்கப் போனார்.

என்னால் இருக்க முடியவில்லை. ஊரே துப்புரவு செய்துகொண்டு நிற்க, என் வளவில் மட்டும் மூடி போட்ட கிணறு. தண்ணீர் இறைக்கும் மெசின் ஒன்றைக் கேட்டு வாங்கி, மூன்று நாள் காலையும் மாலையும் இறைத்தேன். வியர்வை வழிய நான் நின்றதை ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்தது. நாலாம் நாள் சேறு வந்தது, கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இறங்கியது, தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. தம்பியின் சொல் கேட்டு மூடிவைத்தவர்களின் கிணறுகள் இரண்டு மாரி மழையோடு தெளிந்தன. என் கிணறு தெளியவே இல்லை.

கடல் கெடுத்துவிட்டது என்றுதான் இத்தனை காலமும் எல்லோருக்கும் சொன்னேன். கடல் கெடுக்கவில்லை. நான் கெடுத்தேன். அந்தத் தண்ணீரை நம்பியிருந்த நாலு வீட்டாரும் இதை வாசித்துத் தெரிந்துகொள்ளுங்கள். தம்பிக்கு அன்றே தெரியும். திரும்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தவர், "களைச்சுப் போனீங்கக்கா, இருங்க" என்றார். அவ்வளவுதான். மறுமூலையில் இரண்டு நாள் குந்தியிருந்துவிட்டு வேறு கிணறு வெட்டினார். கடைசிவரை ஒருவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாதம் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். நான் ஒரு நாளும் தவறவில்லை. கஞ்சி, சுடுதண்ணீர், உடுப்புத் துவைப்பு, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று ஓடினேன். கட்டிலருகே போனால் கையைப் பிடித்து, "கொஞ்சம் இருங்கக்கா" என்பார். நாக்குத் தடித்திருந்தும் அந்தச் சொல் தெளிவாக வந்தது. வேலை கிடக்கிறது, வாறன் என்று கையை எடுத்துவிட்டுப் போவேன். பதினோராம் நாள் அவர் கேட்கவில்லை, பார்த்தார் மட்டும். சுடுதண்ணீர் எடுக்கப் போனேன். போத்தலோடு வந்தபோது முடிந்திருந்தது.

அவர் போனதிலிருந்து இந்த முப்பத்தொரு நாளும் எங்களோடு நின்ற உறவுகளுக்கும், ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், பந்தல் போட்டு, பாடை சுமந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும், மாங்கேணியிலிருந்து வந்த கிணற்று வீட்டுக்காரர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். இன்னும் ஒருவர் இருக்கிறார். அடுத்த கட்டிலில் தன் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஏறாவூர்க்காரர். நான் இல்லாத நேரமெல்லாம் எழும்பி வந்து தம்பியின் பக்கத்தில் இருந்திருக்கிறார். அன்று சுடுதண்ணீரோடு நான் திரும்பி வந்தபோது தம்பியின் கை அவருடைய கையில்தான் இருந்தது. "ஒண்டும் செய்யல்லம்மா, சும்மா பக்கத்துல இருந்தன்" என்றார்.

அவருக்குத்தான் என் முதல் நன்றி சேர வேண்டும். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்காமல், உடம்பை எடுக்கும் காகித வேலைக்கு ஓடிவிட்டேன்.