நான் மொழிபெயர்த்த கட்டி

நோர்வேயில் வைத்தியர்கள் நோயாளியின் கண்ணைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் புருசன் குத்துக்கல் மாதிரி இருந்தாலும் கணக்கெடுப்பதில்லை. ஊரிலென்றால் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவவுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றிருப்பார். என் அப்பாவின் புற்றுநோயைக் கடைசிவரை அவருக்குத் தெரியாமல்தான் வைத்திருந்தோம். அதை அன்பு என்றே நம்பியிருந்தேன்.

என் மனைவி தேவகிக்கு நோர்வேஜியன் ஓடாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தருகிறோம் என்றார்கள், நான் வேண்டாமென்றேன். இங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர்களை விரல்விட்டு எண்ணலாம். நகரின் இந்தக் கோடியில் ரொம்மனில் ஒருவர் அறிந்தால் மறுகோடியில் பியோர்ண்டால் வரைக்கும் கதை போய்விடும். வைத்தியர் சொன்னார்: மார்பில் இருப்பது பிலோடெஸ் என்ற அரிய கட்டி, அதிலும் புற்றுநோய் வகை. வேகமாக வளரும், மருந்துக்கு அவ்வளவாக அடங்காது, சுற்றியுள்ள சதையோடு உடனே வெட்டியெடுக்க வேண்டும்.

"என்னவாம்?" என்றாள் தேவகி.

"சும்மா கட்டியாம். எடுத்தால் சரியாம்."

"அப்ப பிள்ளையின்ரை சாமத்தியவீடு முடியட்டும். மண்டபமும் பதிஞ்சாச்செல்லே."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ வைத்தியரிடம், மனைவி இரண்டு மாதம் தவணை கேட்கிறாள் என்றேன். அவர் திகைத்துப்போய், எல்லாம் விளங்கித்தான் கேட்கிறாவா என்றார். "யா, யா" என்றேன். பாவி நான்.

மகளின் பூப்புநீராட்டு விழாவன்று தேவகி, பிளவுஸ் இறுக்கமாக இருக்கிறதென்று தையல்காரியை ஏசினாள். படங்களில் எல்லோரும் சிரிக்கிறோம்.

அடுத்த முறை இருந்தது வேறு வைத்தியர். புருசன் மொழிபெயர்க்கக் கூடாதென்று சொல்லி, மேசையிலிருந்த தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டார். தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தியின் குரல் வந்தது.

"இது அரிதான கேன்சர்மா. இப்ப நுரையீரலுக்கும் பரவியிருக்காம். ரெண்டு மாசம் முன்னாடியே ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னோம், நீங்கதான் தள்ளிப்போடச் சொன்னதா பதிவாயிருக்குன்னு டாக்டர் சொல்றார்."

"நானோ? நானோ சொன்னனான்?"

தொலைபேசியைப் பார்த்தே கேட்டாள்.

மார்பை எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் இருப்பதை எடுக்க வழியில்லை. இப்போதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது நான்தான். வீட்டில் சோறு, கறி, பிள்ளையின் படிப்பு என்று கதைப்பாள்; நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போன கிழமை ஆஸ்பத்திரியில், இன்னும் எவ்வளவு காலமென்று கேட்பதற்கு முன் தொலைபேசிப் பக்கம் குனிந்து, "அவரை வெளியிலை இருக்கச் சொல்லுங்கோ" என்றாள். அந்தக் குரல் அதை நோர்வேஜியனில் அங்கிருந்த தாதிக்குச் சொன்னது. தாதி என் பக்கம் திரும்பி, என் மனைவி சொன்னதை நோர்வேஜியனில் எனக்குச் சொன்னாள். எழுந்து வெளியே போனேன்.