வலைக்கு அந்தப் பக்கத்து வாத்துகள்

நாற்பது வாத்துகளைச் சரிபாதியாகப் பிரித்துக் கொட்டகையின் நடுவே பழைய மீன்வலை ஒன்றைக் கட்டினேன். இந்தப் பக்கத்து இருபதுக்கும் கடைத் தீவனம் முழு அளவு. அந்தப் பக்கத்து இருபதுக்குத் தீவனத்தில் கால் பங்கைக் குறைத்து, ஈடாக ஆடுமாடுக்குப் போடும் வேலிமசால் தழையைப் பொடியாக நறுக்கி, தொட்டியில் வளர்த்த அசோலாப் பாசியோடு பிசைந்து வைத்தேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தழை தின்ற வாத்து மற்றதற்குச் சமமாக எடை ஏறுமா? ஏறினால் அடுத்த குஞ்சுகளை இறக்கலாம். ஏறாவிட்டால் வாத்தே வேண்டாம். தீவன மூட்டை விற்கிற விலையில் என் ஓய்வூதியம் தாங்காது.

சிதம்பரத்துக்கு வடக்கே எங்கள் ஊரில் கறிவாத்தை அடைத்து வளர்ப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அறுத்த வயலில் ஓட்டிவிடுவார்கள். வயலில் அது எவ்வளவு தின்றது என்று யார் எண்ணுவது?

வாரம் ஒருமுறை ஒவ்வொன்றாகச் சாக்குப் பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டேன். வாத்து சும்மா தொங்காது. முள் நிற்பதற்குள் என் சட்டை நாறிவிடும். முதலில் தழைப் பக்கம் சற்றுப் பின்தங்கியது, பிறகு எட்டிப் பிடித்தது. கடைசி எடையில் இரண்டு பக்கத்துச் சராசரியும் ஒன்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடலூரில் மெஸ் நடத்தும் என் மனைவியின் தம்பி வேனோடு வந்தார். கணக்கை விளக்கினேன். அவர் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றைத் தூக்கி நெஞ்சைப் பிடித்துப் பார்த்தார்.

"கொழம்புல எந்தப் பக்கம்னு யாரு மாமா கேக்கப் போறாங்க?"

டீ கொண்டுவந்த மனைவி, "ஒண்ணாத்தான் இருக்கும். நான்தான் ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்துப் போட்டனே" என்றாள்.

நான் கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் தழையில் ஒரு பங்கை இந்தப் பக்கம் தள்ளியிருக்கிறாள். அந்தப் பக்கத்துக்குத் தீவனம் குறைவு என்று நொய்க் கஞ்சி காய்ச்சி ஊற்றியிருக்கிறாள். எப்போதிலிருந்து, எவ்வளவு என்று கேட்டேன். கைக்கு வந்ததைப் போட்டாளாம்.

"அதுங்க வலையில மூக்க உட்டுக்கினு பாக்குதுங்க. ஒரே கொட்டாயில பந்தி வஞ்சனை பண்ணுவாங்களா?"

மைத்துனர் சிரித்துக்கொண்டே நாற்பதையும் ஏற்றினார். அடுத்த முறை அறுபது வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். யோசிக்க வேண்டும் என்றேன். எதை வைத்து யோசிப்பது? தழை எடை கொடுத்ததா, நொய் கொடுத்ததா?

அவர் போனதும், அடுத்த முறை தழை தின்னும் பாதியைத் தோட்டத்துக் கடைசியில் தனியாகக் கட்டுகிறேன், நீ அந்தப் பக்கம் வரக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன்.

"அங்க வச்சா அதுங்களுக்குப் பசிக்காதா?"

வலையைக் கழற்றினேன். மைத்துனருக்குப் போன் செய்து அறுபதுக்கும் சம்மதம் சொன்னேன். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே தழை, ஒரே தீவனம், ஒரே கஞ்சி. ஒப்பிட்டுப் பார்க்க மறுபாதி கிடையாது. நொய்யையாவது தலைதட்டி அளக்கச் சொல்லி ஒரு படியை அவளிடம் கொடுத்தேன். குஞ்சுகள் வந்து இறங்கிய அன்றே அதைக் கோபுரமாகக் குவித்து அள்ளினாள்.