பச்சைத் துளையில் சந்தனம்

ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் அருவாமனை முதல் சைக்கிள் வரை பொட்டு வாங்காமல் தப்ப முடியாது. அந்த வருஷம் கம்ப்யூட்டரும் மாட்டியது. ஒயரையெல்லாம் பிடுங்கி, தூசி தட்டி, முன்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்தேன். பின்பக்கம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அங்கேயும் தாராளமாக ஒரு தீற்று தீற்றிவிட்டு, ஈரம் காயுமுன்பே ஒயர்களை மாட்டினேன்.

அண்ணன் குவைத்துக்குப் போகும் முன் சித்தூரிலேயே பழசாகப் பார்த்து வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு போன் லைனில் நெட்டைப் போட்டால் அவன் குரல் ஸ்பீக்கரில் வரும். நைனாவும் அம்மாவும் சாப்பிட்ட கை காயுமுன் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவுக்கு மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான் விடியும்.

பூஜை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை குரல் வரவில்லை.

நான் திருப்பதியில் தங்கி கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். தெருவில் யார் வீட்டு மானிட்டர் இருண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அந்தத் திமிர் வேறு. சத்தத்துக்கான புரோகிராம், அந்த சவுண்டு டிரைவர் போச்சு என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டேன். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ஊஹூம். சவுண்டு கார்டு சரியாக வேலை செய்கிறது என்று திரையில் காட்டியது. அதற்கென்ன தெரியும் என்று திருப்பதிக்கு பஸ் ஏறி, படித்த இடத்தில் கெஞ்சி வேறொரு டிரைவர் சிடி வாங்கி வந்தேன். அதுவும் வேலைக்கு ஆகவில்லை.

மைக், ஸ்பீக்கர் எல்லாம் செத்துப்போச்சு, இனிமேல் தட்டெழுத்துதான் என்று அண்ணனுக்கு அடித்தேன். பரவாயில்லை, லைனைக் கட் பண்ணாதே, அப்படியே விடு என்று பதில் அடித்தான். அவன் பக்கம் ஏதோ சோதித்துப் பார்க்கிறான் என்று நினைத்து விட்டுவைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஊமையாகக் கிடந்த மைக் முன்னால் உட்கார்ந்து அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். படி ஏற முடியவில்லை, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதே, அங்கே அவனுக்கு வேலை ஓடாது என்றாள். டிரைவரோடு மல்லுக்கட்டிய எரிச்சல் மொத்தமும் எனக்கு அவன் மேல் திரும்பியது.

"அவனுக்கின்னா! ஊரு பக்கம் வராம இருக்கத்தான் இந்த டப்பாவ வாங்கிக் குடுத்துட்டுப் போனான். உங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு அலையறது நான்தானே?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் ஒயரின் முனையில் காய்ந்த சந்தனம். அதைச் செருகும் பச்சைத் துளைக்குள்ளும் கட்டியாக அதேதான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. குச்சியில் பஞ்சு சுற்றி நோண்டி எடுத்தேன். வீட்டில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. புது டிரைவர் பிடித்துக்கொண்டது என்று அளந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் குரல் கணீரென்று வந்தது.

"அம்மா, முட்டி வலி எப்பிடிக்கீது?"

நீயா சொன்னே என்பதுபோல அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக் செருகியிருந்தது பக்கத்துச் சிவப்புத் துளையில். அதில் சந்தனம் படவே இல்லை. எங்களுக்குத்தான் அவன் குரல் கேட்கவில்லை. அவன் எல்லா வெள்ளிக்கிழமையும் நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அம்மாவிடம் நான் கொட்டியதையும்தான். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

நீங்கள் பேசியதெல்லாம் இங்கே கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்றான். அதை ஏன்டா சொல்லவில்லை என்று அம்மா அவனிடம் கேட்டாள். சொல்லியிருந்தால் நல்லாக்கீறோம் என்று மட்டும்தானே சொல்லியிருப்பீர்கள் என்றான். அவன் குரலில் துளிக் கோபம் இல்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"லீவு சொல்லிட்டேன்மா. அடுத்த மாசம் வந்து நானே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். தம்பி பாவம், ஒண்டியா எவ்ளோதான் அலைவான்? அவன பேசச் சொல்லு."

அம்மா மைக்கை என் பக்கம் திருப்பி வைத்தாள். நான் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன்போல கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்துகொண்டேன்.