மேல்பலகை

வாளி ஓட்டையாகிப் போன அன்று, துடித்துக் கிடந்த சினை மீன் ஒன்றைத் தம்பி தன் சட்டையை நனைத்துச் சுற்றி, ஆற்றுச் சுவருக்கு மேற்புறத் தண்ணீரில் கொண்டுபோய் விட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. சட்டையைத் துவைத்த அக்காதான் செதிலைப் பார்த்துவிட்டு, கல்யாணம் பண்ணியிருந்தால் பெண்டாட்டியை இப்படித் தாங்குவாயா என்று கேலி செய்தாள். அவன் ஓட்டை வாளியை எடுத்துக்கொண்டு அடைக்கப் போய்விட்டான்.

ஆற்றின் குறுக்கே இருந்த அந்தச் சின்னக் கான்கிரீட் சுவருக்கு அவன்தான் காவல். கீழாற்றுக் கொள்ளை மீன் மேலே ஏறினால் மற்ற மீன்களின் முட்டையில் ஒன்றை மிச்சம் வைக்காது. அதைத் தடுக்கத்தான் சுவர். நல்ல மீன்கள் பக்கத்துக் கூண்டில் வந்து சேரும். அவன் பொறுக்கி எடுத்து, வாளியில் சுமந்து மேலே விடுவான். மேலாற்றில் வலை போடும் வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தச் சுவரால்தான்.

அக்காவின் வீடும் மேலாற்றங்கரையில்தான். ஒருநாள் பெய்த பெருமழையில் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. உள்ளே மகள் பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு கிடந்தாள். அவளை அசைக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்கா கடவுளே கடவுளே என்று சேற்றில் தம்பியிடம் ஓடினாள்.

சுவரின் நடுவே ஓர் இடைவெளி, அதை அடைத்து மரப்பலகைகள். மேல்பலகையை எடுத்தால் அவள் வாசலில் தண்ணீர் இறங்கும்; கொள்ளை மீனும் அந்த வழியே தாவிவிடும். எடு என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. நின்று அழுதாள்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். பலகையை உருவினான். கூண்டுத் தூணில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வலையை விரித்துப் பிடித்தபடி இடைவெளியில் தானே இறங்கி நின்றான்.

அவள் கரையோரத்தில் குனிந்து கையை நீட்டினாள். மீன் போனால் போகட்டும், ஏறி வாடா என்று கெஞ்சினாள்.

"நாலு வீட்டு வயித்துல அடிச்சுட்டா உன் பேரன் நல்லா இருப்பானாக்கா?" என்றான்.

அவன் அனுப்பிவிட, வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தாள். தண்ணீர் படியை விட்டு இறங்கியிருந்தது. மழையும் விட்டது. மனசு கேட்காமல் மறுபடி சுவருக்கு ஓடினாள். மேல்பலகை அதன் இடத்தில் இறுக்கமாகப் பொருந்தியிருந்தது. தூணில் கயிறு அறுந்து தொங்கியது. அவனைக் காணவில்லை. ஆறு அவனைத் திருப்பித் தரவே இல்லை.

அவளை அனுப்பும்போது, கழுத்தளவு நுரைக்குள் நின்று அவன் சொன்னது இதுதான்:

"தண்ணி இறங்கலேன்னா ஜன்னல்ல செவப்புத் துணி கட்டுக்கா, இன்னொரு பலகையையும் எடுத்துடறேன். இறங்கிடுச்சுன்னா ஒண்ணும் கட்டாதே, நான் மூடிக்கிறேன். நீ திரும்பி வராதே. வழி வழுக்கும்."